ஆறாம் நம்பர் மலைப் புல்லு

எனக்குக் கூடை பின்னத் தெரியும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நான் படிச்சது ஆறே வாரம். கடலோரத்துல ஒரு பயிற்சி நிலையத்துல தங்கி, சதுப்புல வளர்ற பன் புல்லுல பாய், தாழை ஓலையில பெட்டி, வாழை நாருல கயிறுன்னு எல்லாத்தையும் அரைகுறையா படிச்சேன். சான்றிதழைப் பத்திரமா பையில வச்சுக்கிட்டு கொட்டகலையில ரயிலை விட்டு இறங்கினப்பதான் யோசனையே வந்துச்சு. எங்க பக்கம் பன்னும் கிடையாது, தாழையும் கிடையாது. வாழையை வச்சா இந்தக் குளிருக்குக் குலை தள்ளவே யோசிக்கும். ஸ்டேஷன்ல நின்னு சுத்திப் பாத்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலை. தேயிலையில என்னத்தப் பின்னுறது?

ஆனாலும் கைவேலையில ஏதாவது வேலை வந்தா அதை விட முடியாது. அப்பா போனதுக்குப் பெறகு பஜாரில இருக்கிற மளிகைக் கடையை அண்ணன் பாக்குறாரு, வீட்டை மதினி பாக்குறாங்க. முப்பது வயசு தாண்டி, கல்யாணமும் ஆகாம, வேலையும் இல்லாம, நான் அவங்க அடுப்படியில நின்னேன். மதினி நல்லவங்க, அதை எங்க வேணும்னாலும் சொல்லுவேன். ஆனா வெங்காயம் உரிச்சா "அப்படி இல்ல, இப்படி"ன்னு கையில இருந்து கத்தியைப் பிடுங்குற நல்லவங்க. அஞ்சு வருசம் அந்த வெங்காயத்தை உரிச்சிருக்கேன். எனக்கு இருக்கிற கோபத்துக்கு இன்னும் ஒரு வருசம் உரிச்சிருந்தா கத்தி வேற எங்கயாவது போயிருக்கும்.

அதனால எனக்குப் பயிற்சி குடுத்த நிறுவனத்துக்காரங்க, "மேல தோட்டத்துல பிள்ளைங்களுக்குக் கைவேலை சொல்லிக் குடுக்கணும், மூணு மாசம், போறீங்களா?"ன்னு கேட்டப்ப, அவங்க வாயை மூடுறதுக்குள்ள சரின்னுட்டேன்.

இடம் குடுத்தது தோட்டத்துத் தொரை. பழைய பிள்ளைக்காம்பரா. அம்மாமார் கொழுந்து பறிக்கப் போறப்ப கைப்பிள்ளைங்களை விட்டுட்டுப் போற இடம். புதுசு கட்டினதுக்குப் பெறகு பழசு சும்மா கிடந்துச்சு. அவரு போட்ட நிபந்தனை ஒண்ணே ஒண்ணு. மூணு மாச முடிவுல ஒரு கண்காட்சி வைக்கணும். அவரு வந்து பாத்து மனசுக்குப் பிடிச்சா அறை எங்களுக்கு, வகுப்பும் தொடர்ந்து நடக்கும், என் வேலையும் நிலைக்கும். பிடிக்கலைன்னா உர மூட்டை அடுக்குறதுக்கு அறையை எடுத்துக்குவாரு. எனக்கு அதோட அர்த்தம் வேற. பிடிக்கலைன்னா வெங்காயம்.

வந்து சேந்தது பதினோரு பேரு. சாதாரண தரப் பரீட்சை எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தவங்க பாதி, ரிசல்ட்டு வந்து அதைப் பத்திப் பேச விரும்பாதவங்க மீதி. பொம்பளைப் பிள்ளைங்கதான் கூட. அதுல ஒருத்தி வாயாடி. பேரு எதுக்கு, நான் அப்படித்தான் கூப்பிடுவேன், அவளும் அதுக்குத்தான் திரும்பிப் பாப்பா. வீட்டுல ரெண்டு மாடு வளக்குறாங்க. மாட்டை விரட்டி விரட்டியே அந்தக் குரல் வந்திருக்கணும். அவ குசுகுசுன்னு பேசினா அடுத்த லயத்து வீடுங்கள்ல பதில் சொல்லுவாங்க.

முதல் நாள் நான் கீழ இருந்து கொண்டு வந்த பன் கட்டைப் பிரிச்சு, மேசையில பூ வைக்கிற மாதிரி சின்னக் கூடை ஒண்ணு பின்னச் சொன்னேன். சாயங்காலம் பாத்தா பதினோரு கூடை, பதினோரு கூடையிலயும் தலையில மாட்டுற கயிறு. கொழுந்துக் கூடைக்கு இருக்குமே, அந்தக் கயிறு.

"இது எதுக்கு?"ன்னேன்.

"கயிறு இல்லாம எப்படி டீச்சர் தூக்குறது?"

"இதைத் தூக்க மாட்டாங்க பிள்ள. மேசை மேல வைப்பாங்க."

வாயாடி என்னை இரக்கத்தோட பாத்தா. "மேசைக்கு எப்படி டீச்சர் போகும்?"

அன்னைக்கே எனக்குக் கொஞ்சம் வெளங்கியிருக்கணும். வெளங்கல.

ரெண்டாவது வாரமே பன் தீர்ந்துபோச்சு. இங்க என்ன புல்லு இருக்குன்னு கேட்டேன். ஆறாம் நம்பர் மலையில ஆளுயரத்துக்கு ஒரு புல்லு நிக்குது, ஓலை நல்லா நீளம்னு வாயாடிதான் சொன்னா.

"யாரும் வெட்டுறதில்லையா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப நாம வெட்டலாம்."

பதினோரு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. பெறகு, "சரிங்க டீச்சர்"னாங்க. அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பார்வைக்கு அர்த்தம் என்னன்னு நான் கேட்டிருக்கணும். தோட்டத்துப் பிள்ளைங்க, தப்புன்னா சொல்லியிருக்குமேன்னு நான் நினைச்சேன். அறையைக் குடுத்த தொரை புல்லையும் குடுத்திருப்பாரு, டீச்சர் கேக்காமலா சொல்லுவாங்கன்னு அதுங்க நினைச்சிருக்கு. மேல இருந்து ஒருத்தர் வெட்டுன்னு சொல்லிட்டா ஏன்னு கேக்குற பழக்கம் தோட்டத்துல கிடையாது. நான் பஜார்காரி. எனக்கு அது எங்க தெரியும்? என்னை யாரும் அதுவரைக்கும் மேல இருக்கிற ஆளா நினைச்சதே இல்ல. மதினிகூட.

வெட்டினாங்க பாருங்க! ஆளுக்கு ஒரு நிரை பிடிச்சு வரிசையா நின்னாங்க. வாயாடி தன்னையே கங்காணியாக்கிக்கிட்டு, "கையை வீசு, கையை வீசு! நிரையில புல்லு நிக்குது, என்ன கண்ணு பாக்குற நீ!"ன்னு சத்தம் போட்டா. வாழ்நாள் பூரா அம்மா வாங்கின ஏச்சை எல்லாம் ஒரே காலையில கூட்டாளிங்க தலையில கொட்டிட்டா. நான் கீழ ரோட்டுல குடையைப் பிடிச்சுக்கிட்டு, சப்பாத்துக்குள்ள அட்டை ஏறிருச்சான்னு ஒத்தைக் கால்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். மத்தியானத்துக்குள்ள மலை மொட்டை. எனக்குப் பெருமை தாங்கல. அன்னைக்கு வீட்டுக்குப் போய் மதினிகிட்ட, "என் பிள்ளைங்க ஒழுக்கத்தைப் பாக்கணுமே!"ன்னேன். அவங்க வெங்காயத்தை என் பக்கம் தள்ளினாங்க.

இப்ப நான் ஒரு உண்மையைச் சொல்லியாகணும். அந்தப் புல்லுல எப்படிப் பின்னுறதுன்னு எனக்குத் தெரியாது. பன் வழுவழுன்னு இருக்கும், சொன்ன பேச்சுக் கேக்கும். இந்த ஓலை ரெண்டு ஓரமும் அறுக்கும், மடிச்சா நடுவுல முறியும். வெட்டின முதல் வாரம் நான் பின்னினதை வாயாடி கையில வாங்கி, அது வழியா ஜன்னலைப் பாத்து, "டீச்சர், இது கூடையா, மாவு அரிக்கிற அரிதட்டா?"ன்னு கேட்டா. எனக்கு வந்த கோபத்துல கத்தரிக்கோலை மேசையில ஓங்கி வச்சுட்டு வெளிய போய் நின்னேன். கொஞ்ச நேரத்துல குளிருச்சு, உள்ள வந்தேன். வேற எங்க போறது?

உள்ள பிள்ளைங்க என்னை மறந்துட்டு வேலை பாத்துக்கிட்டிருந்தாங்க. ஓலையோட நடு நரம்பை நகத்தால கிழிச்சு எடுத்துட்டு, ரெண்டு ரெண்டா முறுக்கிப் பின்னினா முறியலைன்னு ஒருத்தி கண்டுபிடிச்சிருந்தா. அந்த விரலுங்க இருக்கே, அது வேற சாதி விரலு. கண்ணு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம், கை அது பாட்டுக்கு ஓடும். நான் ஒரு சுத்து முடிக்கிறதுக்குள்ள அவங்க ஒரு கூடையை முடிச்சு, கயிறையும் கட்டிருவாங்க. கயிறு விசயத்துல நான் சண்டையை விட்டுட்டேன். எல்லாரும் வீட்டுக்குப் போனதுக்குப் பெறகு வாயாடியை மட்டும் நிறுத்தி வச்சு, "அந்த முறுக்கை இன்னொரு தடவை காட்டு"ன்னு கேப்பேன். "நீ சரியாப் பண்ணுறியான்னு பாக்கத்தான்"னு சேத்துச் சொல்லுவேன். அவளும், "ஆமா டீச்சர், பாருங்க"ன்னு மெதுவா, ரொம்ப மெதுவாக் காட்டுவா.

இப்படியே தொப்பி, கூடை, பை, தட்டு, சுவருல மாட்டுற மயில்னு அறை நெறைஞ்சுருச்சு. மயிலுக்கு மட்டும் கயிறு வைக்கல. அப்பத்தான் மழை பிடிச்சது. நாலு நாள் மூடுபனி. அஞ்சாம் நாள் வந்து கதவைத் தொறந்தா எல்லாத்து மேலயும் வெள்ளை வெள்ளையா பூஞ்சணம். மயிலைப் பாத்தா கொக்கு மாதிரி இருக்கு. கண்காட்சிக்கு ஒரே வாரம். ஒரு பிள்ளை அழவே ஆரம்பிச்சுருச்சு.

அப்பத்தான் எனக்கு, வாழ்க்கையிலயே முதல் தடவையா, பயிற்சியில படிச்சது ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. உப்புத்தண்ணி! உப்புல ஊறவச்சுக் காய வச்சா பூஞ்சணம் பிடிக்காது. கடைக்கு ஓடி அண்ணன்கிட்ட ஒரு பை கல்லுப்புக் கேட்டு வாங்கிட்டு வந்து, எல்லாத்தையும் கழுவி, உப்புல முக்கி எடுத்தோம். வேலை செஞ்சுச்சு! பிள்ளைங்க என்னை முதல் தடவையா டீச்சரைப் பாக்குற மாதிரிப் பாத்தாங்க. "எப்படி டீச்சர் தெரியும்?"னு வாயாடியே கேட்டா. "படிச்சிருக்கோம்ல"ன்னு சொல்லிட்டு, கழுத்தைக் கொஞ்சம் நிமித்திக்கிட்டு நடந்தேன். அந்த நடை நாலு நாள்தான் நிலைச்சது.

கண்காட்சி அன்னைக்கு நல்ல வெயில். உள்ள ஈரவாடை அடிக்குதுன்னு எல்லாத்தையும் வாசல்ல பெஞ்சு போட்டு, வெள்ளைத் துணி விரிச்சு, அழகா அடுக்கினோம். சும்மா சொல்லக்கூடாது, பாக்க அப்படி இருந்துச்சு. தொரை பத்து மணிக்கு வர்றாருன்னு தகவல்.

நம்ம ஆளுங்க ஒரு பெரிய மனுசன் வர்றாருன்னா எப்படி வரவேப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும். மாலை, சந்தனம், குங்குமம், பன்னீர்ச் செம்பு, ஆராத்தித் தட்டு, தப்பு மேளம். பிள்ளைக்காம்பராவுல இருந்து ரோட்டு வளைவு வரைக்கும் போய் நின்னு, அங்க இருந்து அழைச்சுட்டு வரணும். "யாராவது ஒருத்தர் இங்க இருங்க"ன்னு நான் சொன்னேனா? சொன்னேன். யாரு இருப்பா? ஒருத்தி தட்டு பிடிக்கணும், ஒருத்தி பன்னீர் தெளிக்கணும், ரெண்டு பையனுங்க தப்பு அடிக்கணும், ஒருத்தி ஃபோன்ல வீடியோ எடுக்கணும், மத்தவங்க வரிசையில நிக்கணும். நான் இருந்திருக்கலாம். ஆனா மாலை போடுறது நானு. புதுச் சேலை வேற. போயிட்டோம், பன்னிரண்டு பேரும்.

தொரை வர பதினொண்ணேகால் ஆச்சு. மாலையைப் போட்டு, சந்தனம் வச்சு, ஆராத்தி சுத்தி, தப்பு முழங்க மெதுவா நடத்திக் கூட்டிட்டு வந்தோம். கூடவே கணக்கப்பிள்ளை ஐயாவும் வந்தாரு. ஆறாம் நம்பரும் சேந்த அந்தப் பக்கத்து மலைங்களுக்குப் பொறுப்பான ஆளு அவருதான்.

வளைவு திரும்பினதும் தப்புச் சத்தம் நின்னுபோச்சு.

வாசல்ல ரெண்டு மாடு. ஒண்ணு மயிலோட வாலை முடிச்சுட்டுக் கழுத்துக்கு வந்திருந்துச்சு. இன்னொண்ணு பையோட காதை வாயில வச்சு நிதானமா அசை போட்டுக்கிட்டு, மாலையும் கழுத்துமா நிக்கிற தொரையை நிமிந்து பாத்துச்சு. பெஞ்சு மேல வெள்ளைத் துணி, அதுக்கு மேல எச்சில். மூணு மாச வேலை போச்சு. புல்லு, அதுவும் உப்புப் போட்ட புல்லு! மாட்டுக்கு விருந்து வைக்கணும்னு யோசிச்சுச் செஞ்சாக்கூட இவ்வளவு பக்குவமாச் செஞ்சிருக்க மாட்டேன்.

"ஐயோ, எங்க வீட்டு மாடு!"ன்னு கத்தினா வாயாடி. தோட்டம் பூரா கேட்டிருக்கும். வீடியோ எடுத்த பிள்ளை மட்டும் அசையாம எடுத்துக்கிட்டே இருந்துச்சு. அதை இன்னைக்கும் யாராவது அனுப்பி, "டீச்சர், இது நீங்கதானே?"ன்னு கேக்குறாங்க.

தொரை நேரா நடந்துபோய், மண்ணுல கிடந்த ஒரு தொப்பியைக் குனிஞ்சு எடுத்தாரு. பாதி ஓரத்தைக் காணோம். அவரு சிங்களவரு, இளம் வயசு. தமிழ் நல்லா வரும். ஆனா மலையில வேலை வாங்கிப் படிச்ச தமிழ், சாதாரணமாப் பேசினாலே கட்டளை மாதிரி இருக்கும். தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. நல்லா இருக்குன்னு சொல்லப் போறாருன்னு ஒரு நிமிசம் நம்பினேன்.

"இது ஆறாம் நம்பர் புல்லு"ன்னாரு.

கணக்கப்பிள்ளை ஐயா மூஞ்சி அந்த வெள்ளைத் துணி நிறத்துக்கு வந்துருச்சு. அந்த மனுசன் ரெண்டு மாசமா அந்தப் பக்கமே போகலைன்னு அப்பத்தான் எல்லாருக்கும் தெரிஞ்சது.

பெறகு தொரை வெளக்கினாரு, எனக்குன்னே நிறுத்தி நிறுத்தி. வயசான தேயிலையைப் பிடுங்கிட்டு, புதுக் கன்னு வைக்கிறதுக்கு முன்னால மண்ணு தேறட்டும்னு போட்டு வளர்த்த புல்லாம் அது. வெட்டுறதாம், வெட்டி அங்கயே மண்ணு மேல பரப்பி விடுறதாம். அது மண்ணுக்குச் சாப்பாடு. நாங்க மண்ணுக்கு வச்ச சோத்தைத் தூக்கிட்டு வந்து தொப்பி பின்னியிருக்கோம்.

"யாரு வெட்டச் சொன்னது?"

மறைக்காமச் சொல்றேன், அதைக் கேட்டதும் என் கண்ணு முன்னால அடுப்படி வந்துச்சு, மதினி கை வந்துச்சு. பதினோரு பிள்ளைங்களும் தலையைக் குனிஞ்சு நிக்குதுங்க. ஒண்ணுகூட என்னைக் காட்டிக் குடுக்கல. அதைப் பாத்ததும் எனக்கே என் மேல வெக்கமாப் போச்சு.

"நான்தாங்க சொன்னேன். உங்ககிட்டக் கேக்கல. அந்தப் புல்லு எதுக்குன்னே எனக்குத் தெரியாதுங்க."

"திங்கக்கிழமை உரம் வருது. அறை வேணும்"னாரு தொரை.

முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அப்ப வாயாடி ஒரு எட்டு முன்னால வந்தா. ஒரு கையில மாட்டுக் கயிறு.

"தொரை, டீச்சர் மேல கோவப்படாதீங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"ஏய்"னேன் நான்.

"நெசமாத்தாங்க. பஜார் ஆளுங்க. இந்த மலையில எது என்ன புல்லுன்னு அவங்களுக்குச் சுத்தமாத் தெரியாது. கூடைகூட நாங்கதாங்க அவங்களுக்குச் சொல்லிக் குடுக்குறோம்."

அவ்வளவுதான், மத்தவங்களுக்கும் வாய் தொறந்துருச்சு. ஒருத்தி, "ஓலையில நரம்பு எடுக்கணும்னே தெரியாதுங்க." இன்னொருத்தி, "அடி பின்னுறதுக்குப் போன வாரம்தாங்க பழகினாங்க, அதுவும் கோணல்." தப்பு அடிச்ச பையன், "அட்டைன்னா பயந்து அழுவாங்க"ன்னான். நான் அழுததே இல்ல, கத்தினேன், அவ்வளவுதான். என்னைக் காப்பாத்துறதுக்காக என் மானத்தை ஆளுக்கு ஒரு பிடியாப் பிய்ச்சு எறிஞ்சாங்க. கோபத்துல காது சுடுது, அழுகையும் வருது. ரெண்டும் ஒண்ணா வந்தா மனுசி என்ன செய்யுறது? புதுச் சேலைத் தலைப்பால மூக்கைச் சிந்தினேன்.

தொரை மாலையைக் கழட்டிக் கணக்கப்பிள்ளை ஐயா கையில குடுத்தாரு. சிரிப்பை அடக்குறாருன்னு மீசையைப் பாத்தாலே தெரிஞ்சது.

"அப்ப இந்த அறையில யாரு டீச்சர்?"

"மாசக் கடைசியில கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குறது அவங்கதாங்க"ன்னா வாயாடி.

அவரு அந்தப் பாதித் தொப்பியை இன்னொரு தடவை திருப்பிப் பாத்தாரு. முறுக்கை விரலால இழுத்துப் பாத்தாரு. அசையல. "புல்லு மலைக்குத் திரும்பப் போகணும். மாடு தின்னது சாணியாப் போகட்டும். எல்லாரும் சுமக்கணும், டீச்சரும்"னாரு. பெறகு, "அறையை வச்சுக்குங்க. டீச்சருக்குப் பின்னச் சொல்லிக் குடுத்து முடிக்கிற வரைக்கும். முடிஞ்சதும் எனக்கு வந்து சொல்லணும்."

"அது லேசுல முடியாதுங்க தொரை"ன்னா வாயாடி.

ஒரு வாரம் லயத்து மாடுங்க சாணி பூராத்தையும் சாக்குல அள்ளி ஆறாம் நம்பருக்குச் சுமந்தோம். நானும் சுமந்தேன். அந்த வாரம் முழுக்க மதினி என்னை அடுப்படிப் பக்கமே விடல. அந்த நாத்தத்துக்கு அப்படி ஒரு நன்மை இருந்துச்சு.

அது நடந்து மூணு வருசம் ஆகுது. அறை எங்ககிட்டத்தான் இருக்கு. இப்பல்லாம் கேட்டு வெட்டுறோம், கேட்ட அளவுதான் வெட்டுறோம். கண்காட்சி அன்னைக்குக் காவலுக்கு ஆள் நிக்குது. புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு முறுக்குச் சொல்லிக் குடுக்குறது வாயாடிதான். வருசத்துக்கு ஒரு தடவை தொரை ஜீப்பை நிறுத்தி, "டீச்சர் பழகிட்டாங்களா?"ன்னு கேப்பாரு. "இன்னும் இல்லைங்க தொரை"ன்னு பிள்ளைங்க ஒரே குரல்ல சொல்லும்.

போன வாரம் நான் ஒரு கூடை பின்னி முடிச்சேன். அடி கோணல் இல்ல, ஓரம் பிசிறல, முறுக்கு ஒரே சீரா வந்திருந்துச்சு. யாரோட கையும் படல. வாயாடிகிட்டக் குடுத்தேன். அவ திருப்பிப் பாத்தா, கவுத்துப் பாத்தா, வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா. பெறகு வாசலை எட்டிப் பாத்து யாரும் வரலைன்னு தெரிஞ்சுக்கிட்டு, ஓரத்துல ஒரு ஓலையை நகத்தால மெதுவா நெம்பி வெளிய இழுத்து விட்டா.

"நல்லா இருக்கு டீச்சர்"ன்னா. "ஆனா தொரை பாத்துட்டா அறை போயிரும்."